கட்டை வெந்த தண்ணீர்

என் கணவருக்கு மீன்மேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அவரிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார். கூடவே இருந்து பார்த்தவள் நான். மீனுக்குத் தீனி போட மறந்து வேலைக்கு ஓடிய நாள்கள் எத்தனையோ உண்டு. தொட்டிக்குள் கிடக்கும் கட்டையில் பாசி படிந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் போன நாள் ஒன்றுகூட இல்லை. அவருடைய பைத்தியமெல்லாம் அந்தக் கட்டைதான். ஆற்றிலோ கடலிலோ கிடந்து ஊறி, பட்டை உரிந்து, வேரும் கிளையுமாக முறுக்கிக்கொண்டு நிற்கும் மரக்கட்டை. 'டிரிஃப்ட்வுட்' என்று அவர் சொல்லும்போது சொந்தக்காரப் பையன் ஒருவனைப் பற்றிப் பேசுவதுபோலவே இருக்கும்.

இங்கே சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி மளிகைச் சாமான் வாங்குவோம். வாழையிலைச் சாப்பாடு முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். நாங்கள் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பையோடு ஏதாவது ஒரு மீன் கடைக்குப் போவோம். அங்கே அவர் கட்டை பார்க்கும் அழகே தனி. சந்தையில் வெண்டைக்காயை நுனி உடைத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி ஒவ்வொன்றையும் எடுத்துச் சோதிப்பார். கட்டை விரல் நகத்தால் அழுத்துவார். நகம் உள்ளே போனால் உளுத்த மரம், கீழே வைத்துவிடுவார். விரல் முட்டியால் தட்டிக் காதருகே கொண்டுபோவார். மூக்கில் வைத்து மோந்து, எண்ணெய் வாடையோ ரப்பர் வாடையோ வந்தால் முகத்தைச் சுளிப்பார். கடைசியில் கடைக்காரரிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு, அமிழ்கிறதா மிதக்கிறதா என்று போட்டுப் பார்ப்பார். இத்தனையும் செய்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்து, "கடைல விக்கிறதெல்லாம் ஒரே மாதிரி இருக்குலா. எதுக்கும் கேரக்டரே இல்ல" என்பார். கட்டைக்குக் குணம் பார்க்கிற மனுஷன் பெண்பார்க்க வந்தபோது என்னைப் பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

வாங்கிவிட்டாலும் லேசில் தொட்டிக்குள் போய்விடாது. முதலில் முரட்டு பிரஷ்ஷால் இடுக்கு விடாமல் தேய்க்க வேண்டும். பிறகு வாளியில் ஊறப்போட்டு அடிக்கடி தண்ணீர் மாற்ற வேண்டும். அப்புறம் பெரிய பானையில் போட்டு அவிக்க வேண்டும். மரத்துக்குள் இருக்கும் காற்று போனால்தான் அது மூழ்கும். சாறு இறங்கினால்தான் தொட்டித் தண்ணீர் பழுப்பாகாமல் இருக்கும். முதல் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில், காபிக்கடையில் 'தே ஓ' கொடுப்பார்களே, அப்படியே இருக்கும். "முதல் தண்ணியில என்னென்ன இருக்கும்னு சொல்ல முடியாது. உப்பு, பூச்சி, விஷம் எல்லாம் அதுலதான் இறங்கும். உடனே கொட்டிடணும்" என்று அவர் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். காது கொடுத்துக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்தவள் எங்கள் மகள். அந்த ஏழு வருடத்தில் நான் போட்டுக்கொண்ட ஊசிகளையும், ஊரார் கேட்ட கேள்விகளையும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதத் தொடங்கினால் கோபத்தில் இது வேறு கதையாகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள் தும்மினால்கூட வீட்டில் நாங்கள் மூன்று பேரும் எழுந்து நிற்போம்.

மூன்றாவது ஆள் என் அம்மா. பிரசவத்துக்காக சீர்காழிப் பக்கத்திலிருந்து, பாசிர் ரிஸில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெட்டி நிறையப் பிரசவ மருந்துப் பொடியும், பூண்டும், பழைய வேட்டித் துணியும் கொண்டுவந்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றையும் கூடவே கொண்டுவந்தாள். மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேச மாட்டாள். அவர் கூடத்தில் இருந்தால் இவள் சமையலறையில் இருப்பாள். அவர் சமையலறைக்குள் வந்தால் இவள் துணி துவைக்கும் இடத்துக்கு ஒதுங்கிவிடுவாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்லி, நான் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி.

சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த என் கணவருக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. "அத்தைக்கு என்மேல கோவமா?" என்று கேட்டார். கோபமில்லை, மரியாதை என்று விளக்கினேன். கொஞ்ச நாளில் அவருக்கும் அது பழகிவிட்டது, வசதியாகவும் போய்விட்டது. மாமியாரிடம் வம்பளக்க வேண்டாமே! இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் வாரக்கணக்கில் இருந்தார்கள். நடுவில் தபால்காரி வேலை பார்த்தது நான்.

அந்தத் தபால்களில் ஒன்று பட்டை பற்றியது. பிள்ளை பெற்ற உடம்புக்குப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர் ஊற்ற வேண்டும், அப்போதுதான் இடுப்பு எலும்பு சேரும் என்றாள் அம்மா. வேப்பம்பட்டை, ஆலம்பட்டை, அரசம்பட்டை எல்லாம் லிட்டில் இந்தியா நாட்டுமருந்துக் கடையில் கிடைக்குமே என்று அவரிடம் சொன்னேன். "ஓகே, வாங்கிடுறேன்" என்றார். வாங்கவில்லை. மறுபடி சொன்னேன். "கடை மூடிட்டாங்க." மூன்றாவது முறையும் சொன்னேன். அம்மா ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அவர் பையைப் பார்ப்பாள், முகம் வாடும். எனக்கு வெந்நீர் வைப்பதற்கென்றே பெரிய அலுமினியப் பானை ஒன்றை வாங்கச் சொல்லியிருந்தாள். அது மட்டும் வந்திருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அவர் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனார். திரும்பி வந்தபோது தோளில் கறுப்புக் குப்பைப் பை. நான் படுக்கையறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கதவோரத்தில் வந்து பையைத் திறந்து காட்டினார். ஒரு முழத்தைவிட நீளமான கட்டை, மூன்று கிளையாகப் பிரிந்து வளைந்திருந்தது. இடுக்குகளில் கறுப்புப் பட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? மான் கொம்பு மாதிரி இருக்கு. இதுக்குத்தான் இத்தன நாளா அலைஞ்சேன்."

"எந்தக் கடை?"

"கிடைச்சுச்சு" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனார். தூக்கக் கலக்கத்தில் நான் அந்தப் பதிலைப் பிடித்துக்கொள்ளவில்லை. குளியலறைத் தரையில் அவர் விட்டுப்போன மணலை அம்மா கழுவிவிட்டாள். அதையும் நான் அப்போது கவனிக்கவில்லை.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பகலெல்லாம் அம்மா சமையலறையில் இருப்பதால் அவரால் உள்ளே நுழைய முடியவில்லை. அதனால் இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் எழுந்து, வெளியே வாளியில் ஊறவைத்திருந்த கட்டையை அவித்திருக்கிறார். வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரம் அந்த வெந்நீர்ப் பானை ஒன்றுதான். ஒரு பக்கம் வெந்ததும் மறுபக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார். வேலைக்குக் கிளம்பும் நேரம் வந்தது. அவர் வேலை பூன் லே தாண்டி, தீவின் அந்தக் கோடியில். கட்டையை எடுத்து வெளியே நடைபாதையில் செருப்பு அலமாரி ஓரம் காயவைத்தார். கொதிக்கும் பானையைத் தூக்கிக் கொட்ட முடியவில்லை. சூடு ஆறட்டும், வந்து கொட்டிவிடலாம் என்று மூடிவைத்தார்.

அந்த நேரத்தில் அம்மா எழுந்து சமையலறைக்கு வந்திருக்கிறாள். அவர் இருப்பதைப் பார்த்துவிட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். அவளுடைய புடவைத் தலைப்பு அவருக்குத் தெரிந்தது. நின்ற இடத்திலேயே கைப்பேசியை எடுத்து எனக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுக் கிளம்பினார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். குழந்தை விழித்துவிடும் என்று கைப்பேசியின் சத்தத்தை நிறுத்தி, தலையணைக்கடியில் வைத்திருந்தேன்.

அவர் போனதும் அம்மா பானையைத் திறந்தாள். உள்ளே கறுஞ்சிவப்பாகத் தண்ணீர். அடியில் உதிர்ந்த பட்டைத் துணுக்குகள்.

என்னை எழுப்பியபோது அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "எந்திரிடி, குளிக்கலாம். மாப்ள பட்டை வாங்கிட்டு வந்து அவரே அவிச்சும் வச்சுட்டுப் போயிருக்காரு. வாயத் தொறந்து சொல்லலன்னாலும் மனசுல வச்சிருந்திருக்காரு பாரு. நாந்தான் தப்பா நெனச்சுட்டேன்."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் புருஷனுக்குக் கடைசியில் புத்தி வந்துவிட்டதே!

குளியலறையில் மணை போட்டு உட்காரவைத்து, முதுகில் மொண்டு மொண்டு ஊற்றினாள். ஏதோ கடல் வாடை அடித்தது. "என்னம்மா இது, நாறுது?" என்றேன். "மருந்துன்னா அப்படித்தான் இருக்கும். இந்த ஊர்ப் பட்டை இல்லையா" என்றாள். தோள்பட்டை எரிந்தது. சூடு என்று நினைத்தேன். "நல்லாப் புடிக்குதுடி" என்று அம்மா திருப்தியாகச் சொல்லிக்கொண்டாள்.

பிறகு குழந்தையின் முறை. கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின்மேல் போட்டு, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, தலையைத் தட்டி வட்டமாக்கி அம்மா குளிப்பாட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெறும் வெந்நீர்தான் வழக்கம். அன்றைக்கு மட்டும் அந்தத் தண்ணீரில் இரண்டு சொம்பு சேர்த்தாள். "ஒடம்பு இறுகும்" என்றாள். முகத்திலும் ஊற்றினாள். குழந்தை வீல் என்று கத்தியது. எப்போதும் கத்துவதுதான். சாம்பிராணிப் புகை காட்டிப் பொட்டு வைத்ததும் தூங்கிவிட்டது. நானும் தூங்கிவிட்டேன்.

அம்மா அலறிய சத்தத்தில் விழித்தேன்.

குழந்தையின் முகத்தில் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிவந்த வீக்கங்கள் இருந்தன. இமை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. நெற்றியிலும் கழுத்திலும் திட்டுத் திட்டாகத் தடிப்பு. அழுதுகொண்டிருந்தாள், ஆனால் அழும்போதுகூடக் கண் திறக்கவில்லை, பிசின் மாதிரி ஏதோ வழிந்தது. "கண்ணு பட்டிருக்குடி, நேத்து வந்தவ ஒருத்தி பாத்துக்கிட்டே இருந்தா" என்று அம்மா உப்பும் மிளகாயும் எடுக்க ஓடினாள். நான் அவரைக் கூப்பிடத் தலையணைக்கடியிலிருந்து கைப்பேசியை உருவினேன். காலையில் வந்த செய்தி அங்கே காத்திருந்தது.

'பெரிய பானைல இருக்குற தண்ணிய யாரும் தொட வேணாம். கட்டை அவிச்சது. என்ன மரம்னு எனக்கே தெரியல. வந்து நான் கொட்டிடுறேன். அத்தைகிட்ட சொல்லிடு.'

அதை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. எழுத்தெல்லாம் புரிந்தது, பொருள் மட்டும் மண்டைக்குள் இறங்க மறுத்தது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். செருப்பு அலமாரி ஓரம் அந்தக் கட்டை ஈரமாகச் சாய்ந்து நின்றது. என் தோள் அப்போதுதான் உண்மையிலேயே எரியத் தொடங்கியது. அம்மாவின் கையிலிருந்த மிளகாயைத் தட்டிவிட்டு, "அது பட்டை இல்லம்மா, மீன் தொட்டிக் கட்ட அவிச்ச தண்ணிம்மா" என்று கத்தினேன். கீழே விழுந்த மிளகாயையே பார்த்துக்கொண்டு அம்மா நின்றாள். நான் சொன்னதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். அவையும் சிவந்து தடித்திருந்தன.

வாடகைக் காரில் மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவுக்குப் போனோம். அவர் வேலை உடையோடு, தடித்த காலணிகளோடு பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்தார்.

மருத்துவர் ஒரு இளம் சீனப் பெண். நிதானமாகப் பேசினார். தண்ணீரில் என்ன இருந்தது, என்ன மரம், எங்கே வாங்கியது என்று கேட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன்.

"கடைல வாங்கினது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எந்தக் கடை? பெயரைச் சொன்னால் கூப்பிட்டுக் கேட்கலாமே என்றார் மருத்துவர். இவர் விழித்தார். செராங்கூன் பக்கம் ஏதோ ஒரு கடை, பெயர் ஞாபகமில்லை என்றார். கட்டையின் வளைவு நெளிவையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் மனுஷனுக்குக் கடையின் பெயர் ஞாபகமில்லையாம்.

அறையின் மூலையில், முந்தானைக்குள் கைகளை மறைத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. 'ஷாப்' என்ற ஒரு வார்த்தை தெரியும். அவள் இரண்டடி முன்னால் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"மாப்ள, கடைல வாங்குன கட்டையில மணலு எப்படி வரும்?"

என் கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. மருத்துவருக்கு ஒன்றும் புரியவில்லை. கன்னத்தில் அறை வாங்கியவர்போல என் கணவர் நின்றார்.

"அன்னிக்கு நாந்தானே மணல அலசிவிட்டேன். கடக்கரை மணலு. எந்த எடத்துல பொறுக்குனீங்க? சொல்லுங்க மாப்ள. புள்ள கண்ணு."

அவர் குரல் உடைந்து சொன்னார். "பார்க் கடைசில அத்தை. மேங்குரோவ் ஓரமா. அலை அடிச்சு ஒதுங்கிக் கெடந்துச்சு. அங்கேர்ந்து எதயும் எடுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு. ஃபைன் போட்டுருவாங்கன்னு..."

"மேங்குரோவுன்னா?" என்று என்னைக் கேட்டாள் அம்மா.

"அலையாத்திக் காடும்மா. நம்ம பிச்சாவரம் மாதிரி."

அம்மாவின் முகம் வெளுத்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். "தில்லையா?" என்றாள். மெல்லிய குரல்தான். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த மரம் அது. சிதம்பரத்துக்கே தில்லை என்று பெயர். கோயிலுக்கு உரிய மரம் என்று கும்பிடுவார்கள், ஆனால் கிளையை ஒடிக்க மாட்டார்கள். பால் கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும் என்று விறகு பொறுக்குகிறவர்கள்கூட ஒதுங்கிப் போவார்கள். அந்த மரத்தைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு தள்ளிப் போகச் சொல்லி என்னை வளர்த்தவள் இவள். அவளேதான் மொண்டு ஊற்றியிருக்கிறாள்.

நான் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கைப்பேசியில் எதையோ தேடிப் பார்த்தார். அந்த மரம் இங்கேயும் சதுப்புநில ஓரங்களில் உண்டு என்றார். என் கணவரின் கைப்பேசியில் இருந்த கட்டையின் படத்தை அம்மாவிடமும் காட்டினோம். இலை இல்லாத, உப்பில் ஊறிய கட்டையைப் பார்த்து யாரால் என்ன சொல்ல முடியும்? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எந்த மரமாக இருந்தாலும் இப்போது முதலில் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு மருத்துவர் எழுந்தார். கண் மருத்துவரையும் வரச் சொன்னார்.

கழுவியதைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றிப் படுக்கவைத்தார்கள். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் வீங்கிய இமையை விலக்க, இன்னொருவர் குழாய் வழியே மருந்து நீரைக் கண்ணுக்குள் விட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கண் முடிந்ததும் மறு கண். பிறகு மறுபடியும் முதல் கண். அத்தனை சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய பாதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் தொட முடிந்தது அதை மட்டும்தான்.

கண் மருத்துவர் ஒரு விளக்கை வைத்துப் பார்த்தார். கருவிழியின் மேல்தோல் புண்ணாகியிருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று வீக்கம் வடிந்தால்தான் தெரியும் என்றார். பார்வை இருக்குமா என்று கேட்டேன். இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

நடைவழியில் வைத்து என் கணவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "ஃபைனா? உங்க மக கண்ணு பெருசா, ஃபைன் பெருசா? டாக்டர்கிட்ட பொய் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?" அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை அங்கதான் நின்னாங்க" என்றார். "வாஷிங் மெஷின்கிட்ட. கைய நீட்டினா தொடலாம், அவ்ளோ பக்கம். சேல தெரிஞ்சுச்சு எனக்கு. நான் அங்க நின்னுக்கிட்டே ஒனக்கு மெசேஜ் டைப் பண்ணிட்டு இருந்தேன். வாயத் தொறந்து 'அத்தை, அந்தத் தண்ணியத் தொடாதீங்க'ன்னு சொல்லியிருக்கலாம். மரியாத கொறைஞ்சிருமோன்னு நெனச்சேன்."

அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இந்த வழக்கத்தை அவருக்கு விளக்கிச் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான். ஒரு பெண் சமையலறையில் ஒளிந்து நிற்பதையும், ஒரு ஆண் அவளை விட்டுவிட்டுத் தூங்குகிறவளுக்குச் செய்தி அனுப்புவதையும் எந்த ஊர் மரியாதை என்று சொல்வது?

அம்மா குழந்தையைத் தொட மறுத்துவிட்டாள். அவள் கைகளுக்குத் தாதி களிம்பு தடவிவிட்டும், கட்டிலிலிருந்து தள்ளிப் போட்டிருந்த நாற்காலியிலேயே இருந்தாள். "இந்தக் கை வேணாம்டி" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். சாப்பிடவில்லை. காபி வாங்கிக் கொடுத்தேன், அது ஆறிப்போய் அப்படியே இருந்தது. நான் அவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை. அவள்மேலும் எனக்குக் கோபம் இருந்தது. நாறுகிறது என்று சொன்னபோதாவது நிறுத்தியிருக்கக் கூடாதா?

மறுநாள் காலை வீக்கம் பாதிக்குமேல் வடிந்திருந்தது. கண் மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, முந்தைய நாளைவிடத் தெளிந்த முகத்தோடு பேசினார். புண் மேலாக இருப்பதுபோலத்தான் தெரிகிறது என்றார். இனி அவளாகக் கண்ணைத் திறக்க வேண்டும். இந்த வயதுக் குழந்தைக்குத் தூரத்தில் உள்ளது எதுவும் தெரியாது, ஒரு சாண் தூரத்தில் மனித முகத்தைக் காட்டினால் பார்க்கும். கண்ணைத் திறந்ததும் அவளுக்கு நேராக ஒரு முகத்தைக் கொண்டுபோங்கள், அந்த முகத்தில் பார்வை நிற்கிறதா, முகம் நகர்ந்தால் கூடவே வருகிறதா என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு குனிந்து காத்திருந்தேன். இமைகள் துடித்தன, ஒட்டிக்கொண்டன, மறுபடி துடித்தன. "அம்மா, முழிக்கப் போறா, வாம்மா" என்று கூப்பிட்டேன்.

அம்மா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நான் வர்ல. எம் மூஞ்சில அது முழிக்க வேணாம். நீங்க ரெண்டு பேரும் பாருங்க."

அவர் என் மடியிலிருந்து குழந்தையை எடுத்தார். என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிவதற்குள் கட்டிலைச் சுற்றிப் போய், அம்மாவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். குழந்தையின் தலையைக் கையில் தாங்கி, அம்மாவின் முகத்துக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் பிடித்தார்.

"அத்தை, இங்க பாருங்க" என்றார். "உங்க முகத்துலதான் முழிக்கணும்."

அம்மா தலையை அசைத்து மறுத்து, கண்களை இறுக மூடிக்கொண்டாள். மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்தது. குழந்தையின் இடது கண் மெல்லத் திறந்தது. சிவந்திருந்தது. அங்கும் இங்கும் தடுமாறி, அம்மாவின் முகத்துக்கு வந்து நின்றது. அம்மாவின் தலை இந்தப் பக்கம் அசைந்தபோது இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் அசைந்தபோது அந்தப் பக்கம் போனது. அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.